பஞ்சமி நிலமும் பதிவேட்டு அரசியலும்



பஞ்சமி நிலத்தைக் கேட்டால், “அதைத்தான் உங்கள் ஆட்களே எப்போதோ விற்றுவிட்டார்களே” என்கிறார்கள். நமக்காக மேடையில் பேசுகிறவர்கள்கூடத் தனியே சந்தித்தால் இதைத்தான் சொல்கிறார்கள். சட்டப்படியே இந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பதை செங்கல்பட்டில் நின்று பேசுவது பொருத்தம். இந்த நிலத்தின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1891இல் இம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அன்று இங்கே மிராசு முறை நிலவியது. தரிசு நிலத்துக்கு யார் தர்க்காஸ்து மனு போட்டாலும் முன்னுரிமை மிராசுதாருக்கே. சேரி மனையும் தன்னுடையதே என்றார் அவர். நிலம் கேட்கத் துணிந்த பண்ணையாள் குடியிருந்த குடிசையையும் இழக்க வேண்டியிருந்தது. தரிசையும் மனையையும் இம்மக்களுக்கே கொடுக்க வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை அதன் விளைவு.

இந்த வழியில் ஒப்படைக்கப்பட்ட நிலங்களுக்கு வருவாய் வாரிய நிலையாணை 15 நிபந்தனைகளை வகுத்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. இழப்பீடு தராமலே அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நிபந்தனை நிலத்தோடு ஒட்டியது, ஆளோடு போவதல்ல. கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் தாத்தா கைநாட்டு வைத்திருக்கலாம். வாங்கியவர் அதை நான்கு பேருக்குக் கைமாற்றியிருக்கலாம். முதல் விற்பனையே செல்லாதபோது பின்னால் வந்த பத்திரங்களுக்கு வலு எங்கிருந்து வரும்? 2008இல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்த நிபந்தனைகள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

அப்படியானால் நிலம் எப்படிப் போனது? பதிவேட்டின் வழியாகப் போனது. பழைய ஏடுகளில் ‘டி.சி.’ என்று குறிக்கப்பட்டிருந்த நிலங்கள் இவை. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பதிவேடுகளைத் திருத்தி எழுதியபோது, பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது, அந்தக் குறிப்பு காணாமல் போனது. பின்னாளில் கணினிக்குப் போனதும் திருத்தப்பட்ட ஏடுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை ஏற ஏற, அந்த இரண்டு எழுத்துகள் இல்லாமல் போனதன் மதிப்பும் ஏறியது.

இதை எதிர்த்துத்தான் மாமல்லபுரத்தை அடுத்த காரணை மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

அதன்பிறகு ஆட்சிகள் மாறின. 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு அமைத்தார்கள். அவ்வாண்டே ஆட்சி மாறியது. 2019இல் ‘அசுரன்’ படம் வந்தபோது பஞ்சமி நிலம் மீண்டும் தலைப்புச் செய்தியானது. ஆனால் ஒரு கட்டடம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று இரு கட்சிகள் மோதிக்கொண்டதோடு பேச்சு முடிந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லும் கணக்கைக் கட்சிகள் தொடவில்லை. நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள் என்பதே இதற்குக் காரணம்.

ஆகவே கணக்கை நாமே எடுக்க வேண்டும். ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் ‘அ’ பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘டி.சி.’ குறிப்புள்ள பழைய புல எண்களைப் பட்டியலிடுங்கள். அவற்றுக்கு இணையான புதிய எண்களைக் கண்டுபிடித்து, இன்றைய சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்று வாங்கினால் எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பது தெரியும். இவ்வளவும் கையில் இருந்தால் “எப்போதோ விற்றுவிட்டார்கள்” என்ற பதில் நமக்கே சாட்சியாகும். விற்பனை நடந்தது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா?

காரணை நிலத்துக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அடுத்த ஆண்டு மாலையோடு, ஊருக்கு ஒரு பட்டியலும் கொண்டுவருவோம்.