பீச்சாங்கைக்கும் ஒரு கத்தி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. மொத்தமாக வெட்டுவதற்கு பிரஸ் வந்துவிட்டது. ஆனாலும் மாதிரிக்கு ஒரு ஜோடி வெட்டவும், மடிக்கிற ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கவும், பிசிறு எடுக்கவும் கைக்கத்தி வேண்டும். அந்தக் கத்தி பெரும்பாலும் சோத்துக்கைக்காரருக்காகவே அடிக்கப்படுகிறது. பீச்சாங்கைக்காரருக்கென்று தனியாக அடித்துக் கொடுப்பது சலுகை அல்ல, தொழிலுக்குத் தேவை என்பதே என் கட்சி.

தோல் கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம்தான் சாணை பிடிப்பார்கள். மறுபக்கம் தட்டையாக இருக்கும். வலது கையால் வெட்டுகிறவர் இரும்பு ஸ்கேலைக் கத்திக்கு இடப்பக்கம் வைத்து, தட்டைப் பக்கத்தை அதில் ஒட்டி இழுக்கிறார். வெட்டு செங்குத்தாக இறங்குகிறது. அதே கத்தியை இடது கையில் எடுத்தால் ஸ்கேல் வலப்பக்கம் வந்துவிடும், சாய்வான பக்கம் அதில் மோதும். கத்தி கோட்டை விட்டு விலகும், வெட்டிய ஓரமும் சரிந்துபோகும். விலகாமல் இருக்க மணிக்கட்டைத் திருகிப் பிடிக்க வேண்டும். பிடியிலும் இதே கதைதான்: வலது கட்டைவிரலுக்காகக் குடைந்த பள்ளம், இடது கையில் உள்ளங்கையை உறுத்தும் மேடாகிறது.

உருண்டைப் பிடி போட்டால் இரண்டு கைக்கும் ஆகாதா என்று கேட்கலாம். வியர்த்த கையில் உருண்டைப் பிடி சுழலும்; அழுத்திச் சீவும்போது அது ஆபத்து. இருபுறமும் ஒத்த முட்டை வடிவப் பிடி மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலகின் சாய்வை அது மாற்றாது. எத்தனை பேருக்காக இந்த மெனக்கெடல் என்பது அடுத்த கேள்வி. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஆய்வு, இடது கைக்காரர் சுமார் 10.6 சதவீதம் என்றது. பத்தில் ஒருவர் சிறு எண்ணிக்கை அல்ல. பழகினால் வலது கையும் வந்துவிடும் என்பார்கள். இருபது வருடம் பழகியவரை மாற்றச் சொல்லவில்லை. புதிதாகக் கத்தி பிடிக்கும் பிள்ளையின் கையை ஏன் மாற்ற வேண்டும்?

கைக்கேற்ற பிடி என்பது பக்கத்திலிருக்கும் வேலூருக்குப் புதிதல்ல. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் மீண்டும் அசைய வைத்தவர். உணர்ச்சி போன கையில் வலி தெரியாமல் படும் காயங்கள்தான் விரல்களைக் குறைக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். குணமானவர்கள் தச்சு வேலைக்குத் திரும்பியபோது, காயப்படுத்தாதபடி கருவிகளின் பிடியைத் திருத்துவதும் மறுவாழ்வின் பகுதியானது. குறை கையில் இல்லை, பிடியில் என்று அங்கே பார்த்தார்கள்.

இடது கைக் கத்திக்கு அவ்வளவு உழைப்புகூட வேண்டாம். அதே இரும்பு, அதே மரம், அதே பட்டறை. அலகை மறுபக்கம் சாணை பிடித்து, பள்ளத்தைப் பிடியின் எதிர்ப்புறம் குடையச் சொன்னால் போதும்.