ஸ்கின் என்னும் ஆங்கிலச் சொல்லும் தோல் என்னும் தமிழ்ச் சொல்லும்: வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சொற்பொருள் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் ஸ்கின், ஹைட், லெதர், பீல், ரைண்ட் எனப் பல சொற்கள் பகிர்ந்துகொள்ளும் பொருட்பரப்பைத் தமிழில் தோல் என்னும் ஒரு சொல் பெரும்பாலும் தனித்தே தாங்குகிறது. பொதுவழக்கில் இதனால் இடர் எதுவும் நேர்வதில்லை. ஆயின் மனிதத் தோலும் விலங்குத் தோலும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தொடும் தோல் தொழிற்கூடத்தில், பாதுகாப்பு அறிவிப்புகளை மொழிபெயர்க்கும்போது இப்பொருள்மயக்கம் உடல்நலச் சிக்கலாக மாறக்கூடும். இக்கட்டுரை இவ்விரு சொற்களின் பொருள்விரிவையும் ஒருபொருட்பன்மொழிகளையும் விளக்கி, துறைசார் மொழிபெயர்ப்புக்குச் சில வரையறைகளை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பல்பொருள் ஒருமொழி, ஒருபொருட்பன்மொழி, தோல், சருமம், பதனிடுதல், கலைச்சொல்லாக்கம், பாலாறு.

முன்னுரை

பாலாற்றுப் படுகையில் அமைந்த இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. ஒரே மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நிருவாக எல்லை மாறினும் தொழில் வட்டாரம் ஒன்றே. தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மூன்றும் இங்குத் தொழிலின் மொழிகளாக உள்ளன. எனவே ஒரு சொல்லின் பொருள் எல்லையை ஆராய்வதற்கு இவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது.

ஸ்கின்: ஆங்கிலத்தில் பொருள்விரிவு

ஸ்கின் என்னும் சொல் மனித உடலின் மேற்போர்வையையும், உரித்தெடுத்த விலங்குத் தோலையும், பழத்தின் தோலையும், காய்ச்சிய பாலின் மேற்படியும் ஏட்டையும் குறிக்கும். வினையாக வரும்போது உரித்தல், சிராய்த்தல் எனப் பொருள்படும். கணினித் திரையின் மாற்றத்தக்க மேல்தோற்றத்திற்கும் இன்று இச்சொல்லே வழங்குகிறது. இவை அனைத்திற்கும் அடிப்படை, ஒன்றின் மேல் போர்த்தி நிற்பது என்னும் கருத்தே.

இச்சொல் ஆங்கிலத்திற்கு இயல்பானதன்று. விலங்குத் தோலைக் குறித்த பழைய நோர்ஸ் மொழிச் சொல்லே ஆங்கிலத்தில் புகுந்தது. அதற்கு முன்பு பழைய ஆங்கிலத்தில் ஹைட் என்பதன் மூலவடிவம் மனிதத் தோலுக்கும் விலங்குத் தோலுக்கும் பொதுவாக வழங்கியது. புதுச்சொல் நிலைபெற்றபின் ஹைட் விலங்குத் தோல் என்னும் அளவில் சுருங்கிற்று.

வணிக ஆங்கிலம் இப்பாகுபாட்டை மேலும் நுட்பமாக்கியது. ஆடு, செம்மறி போன்ற சிறு விலங்குகளின் தோல் ஸ்கின். மாடு, எருமை போன்ற பெரு விலங்குகளின் தோல் ஹைட். சிறிய மாட்டினத் தோலுக்குக் கிப் என்னும் பெயர் உண்டு. பதனிட்டபின் இவை அனைத்தும் லெதர் என்னும் ஒரே பெயருக்குள் அடங்கும். பன்னாட்டுச் சுங்கவரி வகைப்பாட்டின் 41ஆம் அதிகாரத் தலைப்பில் ஹைட், ஸ்கின், லெதர் ஆகிய மூன்றும் ஒருங்கே இடம்பெறுகின்றன. அத்தலைப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தோல், தோல், தோல் என்றே அமையும்.

தோல்: தமிழில் பொருள்விரிவு

தோல் என்பதும் பல்பொருள் ஒருமொழியே. உடற்போர்வை, விலங்குத் தோல், பதனிட்ட தோல், கனி வித்து ஆகியவற்றின் புறவுறை ஆகியன இதன் இயல்பான பொருள்கள். தோலால் ஆன கேடயமும் கொல்லனின் துருத்தியும் ஆகுபெயராகத் தோல் எனப்பட்டன. நிகண்டுகள் யானை என்னும் பொருளையும் தரும். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றின் பெயரும் தோல். தோல்வி, தோற்றல் ஆகியவற்றின் அடியாகிய தோல் என்னும் வினை, ஒலியளவில் ஒத்த வேறு சொல்.

ஒருபொருட்பன்மொழிகளும் தமிழில் குறைவல்ல. சங்கப் பாடல்களில் விலங்குத் தோலைக் குறிக்க அதள் என்னும் சொல் பயில்கிறது. பொருநராற்றுப்படையில் யாழின் போர்வைத்தோல் பச்சை எனப்படுகிறது. செருப்பு தொடுதோல் எனப்பட்டது. உரி என்பது உரிக்கப்பட்ட தோலையும், சட்டை என்பது பாம்பு கழற்றிய தோலையும், தொலி என்பது காய்கனிகளின் மேற்றோலையும் சுட்டும். காலப்போக்கில் அதளும் பச்சையும் வழக்கிழக்க, அவை தாங்கிய பொருள்களும் தோல் என்னும் ஒரு சொல்லின்மீதே வந்தமர்ந்தன. பதனிடாத தோலைப் பச்சைத்தோல் என்கையில் அடையாக நிற்கும் பச்சை, பக்குவப்படாத நிலையையே உணர்த்துகிறது.

வடமொழியிலிருந்து வந்த சருமம் இங்குத் தனியே கருதத்தக்கது. மூலமாகிய சர்மன் விலங்குத் தோலையும் அதனால் செய்த பொருள்களையும் குறித்த சொல். தோல் தொழிலாளரைக் குறிக்கும் சர்மகார என்னும் வடசொல்லும் அதன் அடியாகப் பிறந்ததே. ஆயின் இன்றைய தமிழில் சருமம் பெரும்பாலும் மனிதத் தோலுக்கே உரியதாகிவிட்டது. சரும நோய், சருமப் பொலிவு என்கிறோம். சருமச் செருப்பு என்பதில்லை. நோர்ஸ் மொழிச் சொல் ஆங்கிலத்தில் அடைந்த போக்கை இது ஓரளவு ஒத்துள்ளது. விலங்குத் தோலைக் குறித்த கடன்சொல் மனித உடலுக்கு ஏறியது இரு மொழிகளுக்கும் பொது. ஆங்கிலத்தில் இயற்சொல் விலங்கோடு நின்றது; தமிழிலோ இயற்சொல் இரண்டிற்கும் பொதுவாகவே நீடிக்கிறது.

அண்டை மொழிகளை நோக்கினால் இது தெளிவாகும். உருதுவில் உரித்த தோல் கால் எனவும், பதனிட்டது சம்டா எனவும் பெரும்பான்மையும் வேறுபடுத்தப்படும். வங்காளத்தில் சாம்டா என்பது தமிழின் தோல் போன்றே இரண்டிற்கும் பொதுச்சொல்.

தொழிற்கூடத்தில் தோலின் நிலைகள்

தமிழ்த் தொழில்வழக்கு அளவால் அன்றி விலங்கின் பெயரால் தோலைப் பிரிக்கிறது: ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல். இது குறைபாடன்று, ஸ்கின், ஹைட் என்னும் பாகுபாட்டைவிடத் தெளிவானதே. இடர்ப்பாடு தோன்றுவது தோலின் நிலைகளைப் பெயரிடும்போதுதான்.

விலங்குத் தோல் மூன்று படைகளால் ஆனது. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு ஊறவைக்கையில் மயிரும் மேற்படையும் நீங்குகின்றன. சவ்வு நீக்குகையில் அடிப்படை நீங்குகிறது. எஞ்சும் இடைப்படையே லெதர் ஆகிறது. அப்படையின் கொல்லாஜன் இழைகளைத் துவர்ப்பொருளோ குரோமிய உப்போ பிணைப்பதால் அது அழுகுவதில்லை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் குரோமிய முறை அறிமுகமாயிற்று. அதனால் பெறும் ஈரநிலைத் தோல் நீல நிறமுடையதாதலின் வெட் புளூ எனப்படும். பின்னர்க் கிரஸ்ட், பினிஷ்டு லெதர் என்னும் நிலைகளை அது அடைகிறது. இப்பெயர்கள் தொழிற்கூடப் பேச்சில் ஆங்கிலச் சொற்களாகவே வழங்குகின்றன.

பதப்படுத்தலும் பதனிடுதலும்

ஆங்கிலத்தில் கியூரிங், டேனிங் என இரு சொற்கள் உள்ளன. முன்னது, உரித்த தோல் தொழிற்கூடத்தை அடையும்வரை கெடாதிருக்க உப்பிட்டு வைத்தல். நீரில் அலசினால் அதன் பயன் நீங்கும். பின்னது, தோலின் இயல்பையே நிலையாக மாற்றுதல். தமிழில் இவ்விரண்டிற்கும் பதப்படுத்தல், பதனிடுதல் ஆகியவை வேறுபாடின்றி மாறிமாறி ஆளப்படுகின்றன.

இம்மயக்கம் பாலாற்றின் மாசு பற்றிய புரிதலையும் மங்கச் செய்கிறது. வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அவ்வழக்கின் பொருளாகிய கழிவுநீரில், கரைந்த உப்புகளின் பெரும்பங்கு உப்பிட்ட தோலை அலசும் தொடக்க நிலையிலிருந்து வருகிறது. குரோமியமோ பதனிடும் நிலையிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் தோற்றுவாயும் தீர்வும் வெவ்வேறு. இரு செயல்களுக்கும் ஒரே சொல்லை ஆண்டால், குரோமியத்தைத் தவிர்த்துத் தாவரத் துவரால் பதனிட்டால் கிணற்றுநீரின் உப்புக்கரிப்பும் தீர்ந்துவிடும் எனப் படிப்பவர் கருத இடமுண்டு. ஆதலின் கியூரிங் என்பதற்கு உப்பிட்டுப் பதப்படுத்தல் எனவும், டேனிங் என்பதற்குப் பதனிடுதல் எனவும் வரையறுத்து ஆள்வது நன்று.

எச்சரிக்கைத் தொடர்களில் பொருள்மயக்கம்

வேதிப்பொருள்களுக்கான உலகளாவிய ஒருங்கிணைந்த வகைப்பாட்டு முறையில் தோலைப் பற்றிய எச்சரிக்கைத் தொடர்கள் பல உள்ளன. கடும் தோல் புண்ணை உண்டாக்கும் (எச்314), தோல் எரிச்சலை உண்டாக்கும் (எச்315), ஒவ்வாமைத் தோல் எதிர்வினையை உண்டாக்கலாம் (எச்317) ஆகியன அவற்றுட் சில. ஆங்கிலத்தில் இவற்றில் வரும் சொல் ஸ்கின். லெதர் என்னும் தனிச்சொல் இருப்பதால் அங்குக் குழப்பத்திற்கு இடம் குறைவு.

தமிழில் இதனைத் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என மொழிபெயர்த்தால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மருந்துக்கடையில் அது தெளிவான தொடரே. ஆயின் தோல் தொழிற்கூடத்தில் அவ்வேதிப்பொருள் தோலில் படவேண்டும் என்பதற்காகவே வாங்கப்படுகிறது. தோல் என்றவுடன் தொழிலாளி நினைவில் முதலில் எழுவது டிரம்மில் சுழலும் தோல். தன் கையின் தோல் அன்று. பொருள் சரக்கைக் கெடுக்கும் என்றோ, அளவறிந்து சேர்க்க வேண்டும் என்றோ அவர் கொள்ள இடமுண்டு. சோடியம் சல்பைடு உடலை அரிக்கும். ஆறிணைதிறக் குரோமியம் ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்கும். எனவே இம்மயக்கத்தின் விலையைச் செலுத்துவது தொழிலாளியின் உடலே.

சருமம் என்று மாற்றுவது ஒரு தீர்வு எனலாம். ஆயின் அது பெரிதும் ஏட்டுச்சொல்; விரைந்து படிக்கும் எச்சரிக்கைக்கு ஏற்றதன்று. கையிலோ உடம்பிலோ படக்கூடாது; கையுறை அணிக என்பது போல உறுப்பின் பெயரைச் சுட்டுவதே தெளிவு. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். வங்காளத்திலும் பொதுச்சொல் ஒன்றே என்பதால், அம்மொழி அறிவிப்புகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

முடிவுரை

ஒரு சொல் பல பொருள் தருவது மொழியின் வறுமையன்று. அடைகளாலும் தொகைகளாலும் தமிழ் வேண்டிய இடத்தில் வேறுபாட்டைக் காட்டவல்லது. மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, வணிக ஆவணங்களில் பச்சைத்தோல், பதனிட்ட தோல் என நிலையையும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் என விலங்கையும் சுட்டுதல். இரண்டாவது, பதப்படுத்தலையும் பதனிடுதலையும் வேறுபடுத்தி ஆளுதல். மூன்றாவது, பாதுகாப்பு அறிவிப்புகளில் தோல் என்னும் சொல்லைத் தனியே ஆளாது, உடலுறுப்பின் பெயரைக் கூறுதல். அகராதி தரும் நிகரன், அது படிக்கப்படும் இடத்திலும் நிகரனாக நிற்கிறதா என்பதைக் கலைச்சொல்லாக்கம் அவ்விடத்திற்கே சென்று சோதிக்க வேண்டும்.