சுண்டெலியிடம் சிக்காத நிக்கல்

சென்னை கே.கே. நகர் முனுசாமி சாலையில் கவரிங் தோடும் வாங்கலாம், ஹேர் டையும் வாங்கலாம். இரண்டிலும் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் இருக்கக்கூடும்: தோட்டில் நிக்கல், டையில் பிபிடி என்கிற பாரா ஃபினைலின் டையமின். ஒரு பொருள் ஒவ்வாமை தருமா என்பதை முன்கூட்டியே அறிய, ஆய்வகங்கள் நெடுங்காலம் விலங்குகளைத்தான் நம்பியிருந்தன.

முதலில் கினிப்பன்றிகள். 1965-இல் பியூலர் என்ற ஆய்வாளர் வகுத்த முறையில், பொருள் தடவிய பட்டையை ரோமம் மழித்த தோலில் வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை ஒட்டுவார்கள். இரண்டு வாரம் கழித்து வேறிடத்தில் ஒட்டி, தோல் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். 1969-இல் மேக்னுசனும் கிளிக்மனும் கொண்டுவந்த முறை இன்னும் கடுமையானது. எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடும் கலவையோடு பொருளை ஊசியாகவே போடுவார்கள். வீரியம் குறைந்த பொருளும் இதில் அகப்படும். விலங்குக்கு வேதனையும் அதிகம். இரண்டு முறைகளிலும் சிவப்பைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். சாயப் பொருள் தோலிலேயே கறையாகப் படிந்துவிட்டால் கணிப்பது சிரமம்.

அடுத்து வந்தது சுண்டெலிச் சோதனை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2002-இல் இதை வழிகாட்டு முறையாக ஏற்றது. எலியின் காதில் தொடர்ந்து மூன்று நாள் பொருளைத் தடவுவார்கள். ஆறாம் நாள், காதருகே உள்ள நிணநீர்க் கணுக்களில் செல்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று அளப்பார்கள். பொருள் தடவாத எலிகளைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ என்றால் அது ஒவ்வாமைப் பொருள். வீரியம் எண்ணாகவே கிடைக்கிறது. தோல் புண்ணாகும் கட்டம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் பிபிடி பளிச்சென்று பிடிபட்டது. எத்தனையோ பெண்களின் காதைப் புண்ணாக்கும் நிக்கலோ நழுவிவிட்டது. 2010-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள். மனிதரின் எதிர்ப்புச் செல்களில் உள்ள டிஎல்ஆர்4 என்ற புரதத்தில் நிக்கல் பற்றிக்கொள்ளச் சில ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் உண்டு. எலியின் புரதத்தில் அந்த இடத்தில் அவை கிடையாது. ஆகவே, எலி சும்மா இருந்தது என்பதற்காக நமக்கும் ஆபத்தில்லை என்று முடிவுகட்ட முடியாது.

அழகுப் பொருட்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடைசெய்தது. பொருள் புரதத்தோடு ஒட்டுகிறதா, மனிதச் செல்களை உசுப்புகிறதா என்று சோதனைக்குழாயிலேயே பார்த்து, முடிவுகளைச் சேர்த்துக் கணிக்கும் முறையை ஓஇசிடி 2021-இல் ஏற்றது. விலங்குக்கும் நமக்கும் நல்ல வழி இதுவே.

ஆனால் பொருளைச் சோதிக்கும் ஆய்வகம் உங்கள் ஒருவர் தோலைச் சோதித்துச் சொல்லாது. டை பூசுமுன் காதுக்குப் பின்னால் சிறிது தடவி, இரண்டு நாள் (48 மணி நேரம்) முழுக்கப் பொறுத்துப் பாருங்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட டை என்றாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். பழகிய பொருளுக்கும் ஒவ்வாமை புதிதாக வரும்.