கராஜ் அறையாகும்போது

அமெரிக்காவின் பழைய புறநகர் வீடுகள் பலவற்றில் கராஜ் சற்றுத் தள்ளி நிற்கும். வீட்டிலிருந்து அதற்குப் போக, பக்கங்கள் திறந்த, கூரை மட்டும் போட்ட ஒரு நடைவழி; பெயர் பிரீஸ்வே. வீட்டில் இடம் போதாதபோது இவ்விரண்டின் மேல்தான் முதலில் கண் போகும். கூரையும் தளமும் ஏற்கெனவே இருக்கின்றனவே! ஆனால், பெரும்பாலான மாநிலங்கள் தழுவியுள்ள சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு காருக்கான இடத்தை மனிதர் வசிக்கும் இடமாகக் கொள்வதில்லை. பயன்பாடு மாறினால் அறைக்குரிய விதிகள் அத்தனையும் பொருந்தும்.

செலவு வைப்பது பெரும்பாலும் காலுக்கடியில் இருப்பதுதான். தண்ணீரும் சிந்திய எண்ணெயும் வெளியே ஓட, கராஜ் தளம் கதவுப் பக்கம் வாட்டமாக இருக்கும். பழைய தளங்கள் பலவற்றின் அடியில் ஓதம் தடுக்கும் பாலித்தீன் விரிப்பும் இராது. வாட்டத்தைச் சரிசெய்து, குளிர்காப்பு வைத்துத் தரையை உயர்த்தினால் கூரையின் உயரம் குறையும். வசிக்கும் அறைக்கு 7 அடியாவது வேண்டும். அகலக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினால், அதன் கீழ் அஸ்திவாரம் உண்டா என்ற கேள்வி வரும்.

பிரீஸ்வேயின் நிலை இன்னும் மோசம்: மெல்லிய தளம், சில தூண்கள், அவ்வளவுதான். மினசோட்டாவின் தென்பகுதியில் அஸ்திவாரம் 42 அங்குலமும் வடபகுதியில் 60 அங்குலமும் இறங்க வேண்டும். மேலாகக் கிடக்கும் தளத்தின் அடியில் ஈரமண் உறைந்து பருத்தால் தளம் எழும்பும், அதன்மேல் கட்டிய சுவர் விரியும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சில வேளை மலிவு.

படுக்கையறையானால் தீவிபத்தில் தப்பிக்க ஒரு ஜன்னல் வேண்டும்: திறப்பு பொதுவாக 5.7 சதுர அடி, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கராஜில் பாதியைக் காருக்கே விட்டால், இடைச்சுவரில் கராஜ் பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை பதிக்க வேண்டும். அங்கிருந்து படுக்கையறைக்கு நேராகக் கதவு வைக்கவே கூடாது.

எளிதில் கண்ணில் படாத சிக்கல் ஒன்றும் உண்டு. தனி கராஜை எல்லைக்கோட்டை ஒட்டிக் கட்டப் பல ஊர்கள் இடம் கொடுத்திருக்கும். பிரீஸ்வேயைச் சுவர் வைத்து அடைத்தால் இரண்டும் ஒரே கட்டடமாகி, வீட்டுக்குரிய இடைவெளி விதி கராஜுக்கும் வந்துவிடலாம். எல்லைக்கு 5 அடிக்குள் நிற்கும் சுவர், தண்ணீர் தெளிப்பான் இல்லாத வீட்டில், ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும்.

கலிஃபோர்னியா 2020 முதல் இந்த முட்டுக்கட்டைகளில் சிலவற்றைத் தளர்த்தியது. கராஜைத் தனிக் குடியிருப்பாக மாற்றினால் கூடுதல் இடைவெளியோ, இழந்த கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றோ கேட்கக்கூடாது. அஸ்திவாரம், தீ, ஜன்னல் பற்றிய விதிகளில் சலுகை இல்லை.