எத்தனை கை மாறி வந்த கத்தரிக்காய்?



காஞ்சிபுரத்தில் படிக்கிறோம் என்று சொன்னதுமே வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "பட்டுப்புடவை எங்கே வாங்கினா நல்லா இருக்கும்?" என்பதுதான். நாமும் பெரிய நிபுணர் மாதிரி, "சொசைட்டியில வாங்குங்க, நம்பி வாங்கலாம்" என்று சொல்லிவிடுவோம். எப்போதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்குகிற புடவைக்கு இவ்வளவு விவரம் பேசுகிற நாம், தினமும் தட்டில் விழுகிற கத்தரிக்காய் யார் தோட்டத்தில் காய்த்தது, எத்தனை கை மாறி வந்தது என்று கேட்டிருக்கிறோமா?

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 'கை மாறுவது' என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. தனியாரிடம் கூலிக்கு நெய்யும் நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். நெய்து கொடுத்தால் கூலி கிடைக்கும். அந்தப் புடவை கடைக் கண்ணாடிக்குள் எந்த விலைக்குப் போகிறது என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. இதை மாற்றத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே தொடங்கிவிட்டது. நெய்தவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைப்பதுதான் அதன் தத்துவம்.

காய்கறிக்கும் அதே கதைதான். விவசாயி பறித்த காய் முதலில் கமிஷன் மண்டிக்குப் போகும். அங்கிருந்து மொத்த வியாபாரி, பிறகு சில்லறைக் கடை, கடைசியாக நம் வீடு. நடுவில் இருப்பவர்கள் எல்லோரையும் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுவது நியாயமில்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, அழுகிப் போவது என்று அவர்களுக்கும் செலவு உண்டு. ஆனால் நாம் படித்த கியர் டிரெயினை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 90 சதவீதம் திறன் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான்கு கட்டம் தாண்டினால் கையில் மிஞ்சுவது 66 சதவீதம்கூட இல்லை! கட்டத்தைக் குறைப்பதுதான் இதற்கு வழி.

இப்படிக் குறைக்கும் முயற்சி முதலில் வடக்கே நடந்தது. 1987-ல் பஞ்சாப் பகுதியில் 'அப்னி மண்டி' என்ற பெயரில் விவசாயிகளே நேரடியாக விற்கும் சந்தை தொடங்கியது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ம் தேதி, முதல்வர் மு. கருணாநிதி ஆட்சியில், மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடுத்த ஓராண்டு வாக்கிலேயே எண்ணிக்கை நூறைத் தொட்டது. 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் பல சந்தைகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. நம்ம காஞ்சிபுரத்திலும் ஓர் உழவர் சந்தை இருக்கிறது.

அது எப்படி இயங்குகிறது? விவசாயிதான் என்று அதிகாரிகள் விசாரித்து உறுதி செய்தபின், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுப்பார்கள். காலையில் அன்றைய விலையை நிர்ணயித்துப் போர்டில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மண்டியில் கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20-க்கு 20 சதவீதம் கூட்டினால் 24. 30-க்கு 15 சதவீதம் கழித்தால் 25 ரூபாய் 50 காசு. ஆக, சந்தை விலை 24, 25 ரூபாய் வாக்கில் நிற்கும். விவசாயிக்கும் லாபம், நமக்கும் லாபம். "என்னக்கா, கத்திரிக்கா எவ்ளோ?" என்று கேட்டால், "போர்டுல போட்டிருக்குது பாரு தம்பி" என்று பதில் வரும். பேரம் பேசத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி!

"சூப்பர் மார்க்கெட்டில் என்ன குறை? ஏ.சி. இருக்கு, சுத்தமா இருக்கு, ராத்திரி வரைக்கும் திறந்திருக்கு" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். சில நிறுவனங்கள் விவசாயிகளிடம் நேரடியாகவே கொள்முதல் செய்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அங்கே தரம் பிரிப்பார்கள். வளைந்த புடலங்காயும் சிறுத்த தக்காளியும் ருசியில் குறையாவிட்டாலும் தள்ளப்படலாம். தள்ளியதை என்ன செய்வது என்பது விவசாயியின் தலைவலி. அந்த ஏ.சி.க்கான கரண்ட் பில்லும் பாக்கெட் கவரும் கடை வாடகையும் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? நம் பில்லில்தான்!

அடுத்து, புதுசு என்கிற விஷயம். பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள சத்தையும் நீரையும் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். நம்ம ஊர் வெயிலில் கீரையின் கதி என்னவாகும் என்று சொல்லவே வேண்டாம். வாடுவதோடு வைட்டமின் சி-யும் குறைந்துகொண்டே போகும். குளிர்ப்பெட்டி இந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியற்காலையோ பறித்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கீரைக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

சரி, போனால் எப்படி வாங்குவது? கத்தரிக்காய்க்குத் தோல் மினுமினுப்பாகவும் காம்பு பச்சையாகவும் இருக்க வேண்டும். காம்பு காய்ந்து சுருங்கியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தே தீருவேன் என்று பத்துக் காயை ஒடித்துப் போடாதீர்கள். ஒடித்ததை வேறு யார் வாங்குவார்கள்? விரல் நீளத்துக்கு, பிஞ்சாகப் பார்த்து எடுத்தால் போதும். அறைக்கு வந்ததும் பழுத்த தக்காளியைக் கீரையோடு சேர்த்து வைக்காதீர்கள். தக்காளியிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சந்தை விடியற்காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்திருக்கிறவர்களுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். கேரட், பீட்ரூட் போன்றவை நம்ம பக்கத்து வயலில் விளைபவை அல்ல, எங்கே வாங்கினாலும் தூரத்திலிருந்து வந்தவைதான். விவசாயி வேஷத்தில் வியாபாரி நுழைந்துவிடுகிறார் என்ற புகார் பல ஊர்களில் எழுந்ததுண்டு. அதற்குத்தான் அந்த அடையாள அட்டை. கேட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வாங்க ஆள் வராமல் போவது. கூடையைச் சுமந்து பஸ் ஏறி வந்தவர், பாதி காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியுமா? இரண்டு நாள் அப்படி நடந்தால், மூன்றாம் நாள் அவர் பழையபடி மண்டிக்கே போய்விடுவார். சந்தைக் கட்டிடம் மட்டும் நிற்கும்.

இங்கேதான் நாம் வருகிறோம். நம் விடுதி மெஸ் டிவைடிங் சிஸ்டத்தில் நடக்கிறது. காய்கறிச் செலவில் ஒரு ரூபாய் மிச்சமானாலும் அது நம் பில்லில்தான் குறையும். திங்கட்கிழமை கேரட் பொரியல், செவ்வாய்க்கிழமை பீன்ஸ் கூட்டு என்று மெனுவை முதலில் எழுதிவிட்டு, அதற்குக் காய் தேடுவதுதான் இப்போதுள்ள வழக்கம். அதைத் திருப்பிப் போடுவோம். மெஸ் கமிட்டியிலிருந்து இரண்டு பேர், முறை வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் சந்தைக்குப் போகட்டும். எந்தக் காய் அதிகம் வந்திருக்கிறதோ, எது மலிவோ அதை வாங்கி வரட்டும். அதன் பிறகு மெனு எழுதுவோம். ஒரு மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். லாபமா நஷ்டமா என்று கணக்கே சொல்லட்டும்.

நம்மில் பலர் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள், பலர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். தறியில் உட்கார்ந்தவருக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்று பேசுகிற ஊர் இது. ஏர் பிடித்தவருக்கும் அதே நியாயம்தானே? அதற்குப் போராட்டம், ஊர்வலம் எதுவும் வேண்டாம் நண்பர்களே. அலாரம் ஒன்றும் துணிப்பை ஒன்றும் போதும்!