ரிக்கற்றில் பெயர் பிழைத்தால்...

புலம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பங்களுக்கு விமானப் பயணம் என்பது உல்லாசப் பயணம் அல்ல. ஆருக்கோ கடும் வருத்தம், இல்லாவிட்டால் ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு என்றுதான் பெரும்பாலும் ரிக்கற் எடுக்கின்றோம். அப்படி அவசரத்தில் எடுத்த ரிக்கற்றில் பெயர் பிழையாக வந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே இதை எழுதுகின்றோம். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைக்கின்றோம்.

2018ஆம் ஆண்டு, ஆனி மாதம். மனைவியின் தாயார் இருதய ஒப்பறேசனுக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கு வந்திருந்தா. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கண்டு ஒன்பது வருடம். இலங்கைக்கு எங்களால் போக முடியாது. சென்னைக்கு என்றால் அகதிகளுக்கான பயணப் பத்திரத்தில் விசா எடுத்துப் போகலாம். விசாவும் கிடைத்துவிட்டது. தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், மெசின் சத்தத்துக்கு நடுவில், ரெலிபோனில்தான் ரிக்கற்றுக்குச் சொன்னோம். ஈமெயிலில் வந்த கடதாசியில் திகதியைப் பார்த்தோம், எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று பார்த்தோம். பெயரைப் பார்க்கவில்லை.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அம்மா, இது உங்கட பேர் இல்லையே" என்றாள். மனைவியின் பயணப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தர்மலிங்கம், டென்மார்க் என்று எழுதும் 'டி' எழுத்தில் தொடங்குகின்றது. ரிக்கற்றில் அது ரொறன்ரோ என்று எழுதும் 'ரி' எழுத்தில் தொடங்கியிருந்தது. தமிழில் இரண்டும் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் இரண்டு ஆட்கள்.

"ஒரு எழுத்துத்தானே, பேசாமல் போவம். கேக்கப் போனால் வில்லங்கம்" என்றா மனைவி. அந்தப் பயம் எங்களுக்கு விளங்கும். வேறு ஆரோ ஒருவரின் பெயரில், ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில் விமானம் ஏறி வந்தவர்கள் எம்மவர்களில் எத்தனை பேர்! பெயர் பிழை என்றதும் பழைய விசாரணை அறைதான் கண்ணுக்குள் வருகின்றது. ஆனால் அது வேறு, இது வேறு. ரிக்கற்றில் எழுத்துப் பிழைத்தது குற்றம் அல்ல. அதைத் திருத்தித் தரும்படி கேட்பதில் எந்த ஆபத்தும் இல்லை. திருத்தாமல் விமான நிலையம் போவதில்தான் ஆபத்து. பெயர் ஒத்துவரவில்லை என்றால் விமானத்தில் ஏற்றாமல் விடலாம். போகும்போது ஏறாமல் விட்டால், வரும் ரிக்கற்றும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டோம். பயண முகவர் முதலில், "புது ரிக்கற்தான் எடுக்க வேணும்" என்றார். விமான நிறுவனத்துக்கு அடித்தோம். "பெயரை வேறு ஆளுக்கு மாற்ற ஏலாது. எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம். ஆனால் ரிக்கற்றை விற்றவர்தான் எங்களிடம் கேட்க வேணும்" என்றார்கள். திரும்ப முகவரிடம் போனோம். பயணப் பத்திரத்தின் படப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். பயணத்தின் இரண்டாவது பாதி வேறொரு விமான நிறுவனத்துடையது. அவர்களும் திருத்த வேண்டியிருந்ததால், வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம்தான் சரியான பெயருடன் கடதாசி வந்தது. மனைவி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை தாயாரை ஒப்பறேசனுக்குக் கொண்டு போனார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால், கண் முழித்துக் கதைத்த தாயைக் கண்டுவிட்டு அனுப்பியிருக்க முடியாது.

இதில் நாங்கள் படித்தவற்றைச் சொல்கின்றோம்.

பாஸ்போட்டிலும் பயணப் பத்திரத்திலும் படம் உள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்தும் குறியுமாக இரண்டு வரி இருக்கும். மேல் வரியில்தான் பெயர். முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு கூர்க்குறிகள், பிறகு சொந்தப் பெயர். மெசின் வாசிப்பது இதைத்தான். ரிக்கற்றுக்குப் பெயர் கொடுக்கும்போது இந்த வரியைப் பார்த்தே கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் வேண்டாம், வேலைத்தலத்துப் பெயரும் வேண்டாம்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஒருவருக்குத் தகப்பன் பெயர் அந்த இடத்தில் இருக்கும், இன்னொருவருக்குப் புருசன் பெயர் இருக்கும். முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து ரிக்கற் எடுக்கும்போது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தகப்பனின் கடைசிப் பெயரையே போட்டுவிடுவார்கள். ஒவ்வொருவரின் பத்திரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பத்திரத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்கள், அதை எப்படிப் பதிவது என்று விமான நிறுவனத்திடம் முதலே கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம்.

ரெலிபோனில் சொல்ல வேண்டி வந்தால் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்: டென்மார்க்கின் 'டி', பாரிஸின் 'பி'. ஆனால் எழுதி அனுப்புவதே மேல். பத்திரத்தின் படப் பக்கத்தையே அனுப்பினால் இன்னும் நல்லது.

ரிக்கற் வந்த அன்றே பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முகவர் எழுதிய ரிக்கற்றை அன்றே ரத்துச் செய்து திரும்ப எழுதுவது பெரும்பாலும் சுலபம். நாள் போகப் போகக் காசும் அலைச்சலும் கூடும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த ரிக்கற் என்றால், அந்த நிறுவனம் 24 மணித்தியாலத்துக்குள் தண்டம் இல்லாமல் ரத்துச் செய்ய விட வேண்டும், அல்லது காசு வாங்காமல் 24 மணித்தியாலம் அதே விலையில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் பிழை என்று பயப்படவும் வேண்டாம். பெயரின் வால்பக்கத்தில் 'மிஸ்டர்', 'மிசிஸ்' என்பதற்கான எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டு பெயருக்கு இடையில் வெளி இல்லாமல் இருக்கலாம். அது கொம்பியூட்டரின் வழக்கம்.

திருத்திய பிறகு, "ரிக்கற்றைத் திரும்ப எழுதினீர்களா, அல்லது குறிப்பு மட்டும் போட்டீர்களா?" என்று கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். 6 எழுத்துப் பதிவுக் குறியையும் 13 இலக்க ரிக்கற் நம்பரையும் குறித்து வையுங்கள். எந்த நிறுவனத்தோடு கதைத்தாலும் அவற்றைத்தான் கேட்பார்கள்.

இன்னும் ஒன்று. ஆங்கிலம் தெரியாது, திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நாங்கள் கூச்சப்படுகின்றோம். அன்று சாப்பாட்டு நேரத்தில், "நான் சொன்ன பெயரை ஒருக்கா வாசித்துக் காட்டுங்கோ" என்று கேட்டிருந்தால் இந்த அலைச்சல் இருந்திராது. அதைக் கேட்க வெட்கப்பட்டோம். எங்கள் பெயரைச் சரியாக எழுதும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எத்தனையோ பேர் வேறொருவர் பெயரில்தான் இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தோம். இனிப் போகும் பயணமாவது எங்கள் சொந்தப் பெயரில், ஒரு எழுத்தும் பிசகாமல் இருக்கட்டும்.