கடனில்லாத கிறிஸ்து பிறப்பு விழா

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது புத்தாடை, கேக், பலகாரம், நட்சத்திரம் எனச் செலவுகளும் நெருங்கி வருகின்றன. கையில் பணமில்லை என்றால் நகையை அடகு வைக்கிறோம், வட்டிக்கு வாங்குகிறோம். ஜனவரியில் குடிலைப் பிரித்துவிடுகிறோம். கடனோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

திருக்குடும்பம் என்ன செய்தது? ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற தாய் இரண்டு புறாக்களைக் காணிக்கையாக்கலாம் என்பது சட்டம் (லேவி 12:8). குழந்தை இயேசுவோடு கோவிலுக்குச் சென்ற மரியாவும் யோசேப்பும் இந்த ஏழைகளின் காணிக்கையையே செலுத்தினர் (லூக் 2:24). மீட்பரின் பெற்றோரே வரவுக்கு மீறிச் செலவிடவில்லை.

எனவே திருவருகைக்கால முதல் ஞாயிறன்றே குடும்பமாக அமர்வோம். கையிலுள்ள தொகையைப் பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்வோம். முதலில் ஏழைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கி, மீதியில் தேவையானவற்றை மட்டும் எழுதுவோம். குடிலை விலைக்கு வாங்காமல் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வோம். 1223-இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல் இட்ட தீவனத் தொட்டியும் மாடும் கழுதையும்தான். அடுத்த விழாவுக்கு ஜனவரி முதலே உண்டியலில் சிறிது சிறிதாகச் சேமிப்போம்.

அப்போது, கடன் கவலையின்றிக் கண் விழிக்கும் டிசம்பர் 26-ஆம் நாளும் நமக்கு விழாவாகவே இருக்கும்.